கதிர் பட்ட தாடையும் புதிய எலும்பும்

(ஒடுகத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுவதாலும், பீஞ்சமந்தை முதலான மலையூர்களின் சாமையும் புளியும் தேனும் இறங்கி வந்து விலையாவதாலும் பெயர் பெற்ற இந்த ஒடுகத்தூரில், புற்றுநோய்ச் சிகிச்சையால் கெட்டுப்போன தாடையெலும்பில் புதிய எலும்பை வளர்க்கும் வித்தையைச் சொற்பொழிவுக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டது பொருந்துமோ என்று உங்களில் சிலர் ஐயுறக்கூடும். அவ்வையத்துக்குரிய விடை இவ்வூர்ப் பேருந்து நிலையத்திலேயே இருக்கிறது. அணைக்கட்டு வழியாக வேலூருக்குச் செல்லும் காலைப் பேருந்தில், மடியில் மருத்துவமனைக் கோப்பும், கன்னத்தைச் சுற்றிய துண்டும், துணைக்கு ஒரு மகனோ மருமகளோ உடன்வர, வாய் திறந்து பேசாமல் அமர்ந்திருக்கும் ஒருவரை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். புகையிலையைக் கன்னத்தில் அடக்கி வைத்துப் பழகியதால் வாய்ப்புற்று கண்டு, உரிய காலத்தில் வைத்தியரிடம் சென்று, கரண்டு என்று நாம் சொல்லும் கதிரியக்கச் சிகிச்சை பெற்று உயிர் பிழைத்தவர்கள் இவர்களுள் உண்டு. பிழைத்துச் சில ஆண்டுகள் சென்றபின், புற்றின் சுவடே இல்லாத வாயில், ஈறு விலகி எலும்பு வெளித்தெரியத் தொடங்குகிறது. நோய் போய்விட்டது, நோயைப் போக்கிய சிகிச்சையின் விளைவு மட்டும் எலும்புக்குள் தங்கிவிட்டது. இந்தத் துன்பத்தையும் அதற்குச் சாஸ்திரம் தேடிக்கொண்டிருக்கும் பரிகாரத்தையும் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பல் வைத்தியத்தில் நெடுங்காலம் உழைத்தவன் என்ற அளவில் இப்பொருளோடு எனக்கு நேரான தொடர்பு உண்டு. ஆயினும் என் அனுபவத்தை விரித்துரைப்பதை விட, உலகெங்கும் இதில் அறிஞர்கள் கண்டதை உங்கள் முன் வைப்பதே முறை என்று கருதுகிறேன்.

முதலில் கதிரியக்கச் சிகிச்சையின் பெருமையைக் குறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். அதன் தீங்கைப் பேசப் புகுந்தவன் அதன் நன்மையை மறைத்தால், அதைக் கேட்டு யாரேனும் ஒருவர் சிகிச்சைக்கு அஞ்சி வீட்டிலேயே தங்கிவிடக்கூடும். அப்படி ஓர் உயிர் போனாலும் அந்தப் பாவம் பேசியவனைச் சேரும். 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு சென்னை அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் தளரா முயற்சியால் எழுந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கே டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும், 1957இல் வந்து சேர்ந்த கோபால்ட் இயந்திரத்தின் துணைகொண்டு, அதுவரை கைவிடப்பட்டு வந்த நோயாளிகள் பலரை மீட்டார்கள். வேலூரிலோ, 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வைத்திய சாலை இன்று பாரதம் முழுவதிலிருந்தும் நோயாளிகள் நாடி வரும் பெரிய ஸ்தாபனமாக விளங்குகிறது. தலை, கழுத்துப் புற்றுக்கு ஆறு ஏழு வாரங்கள், வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிரே (கிரே என்பது கதிரின் அளவைக் கூறும் அலகு) வீதம், மொத்தம் 60 முதல் 70 கிரே வரை கதிரைச் செலுத்துவது இன்றைய முறை. இந்த அளவை இவ்வாறு சிறுசிறு தவணைகளாகப் பிரித்துக் கொடுப்பதற்குக் காரணம், நாளுக்கு நாள் உள்ள இடைவெளியில் நல்ல உயிரணுக்கள் தம்மைச் செப்பம் செய்துகொள்ளும், புற்றணுக்களுக்கு அந்தத் திறன் குறைவு என்பதேயாகும். பெரும்பாலும் அப்படியே நிகழ்கிறது. நிகழாத இடங்களில் தலையாயது கீழ்த்தாடை.

கீழ்த்தாடைக்கு ஏன் இந்தக் கேடு மிகுதி என்றால், அதற்கு இரத்தம் வரும் வழிகள் மேல்தாடைக்கு உள்ளவற்றைப் போலப் பலவல்ல. எலும்பின் நடுவே ஒரு குழலுக்குள் ஓடும் ஒரு தமனியும், எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வின் வழியே கசியும் சிறு குழாய்களுமே அதற்கு ஆதாரம். கடைவாய்ப் பற்கள் அமைந்த பகுதியில் எலும்பு கெட்டியானது. நாக்கு, கன்னம், அடித்தொண்டை ஆகியவற்றின் புற்றுக்குக் கதிர் செலுத்தும்போது அந்தப் பகுதியே முழு அளவையும் ஏற்கிறது. மேலும் கதிர் பட்ட உமிழ்நீர்ச் சுரப்பிகள் வற்றிவிடுவதால் வாய் உலர்ந்து, பற்கள் கழுத்தளவில் அரித்து ஒடிகின்றன. அரித்த பல்லைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய குழி ஆற வேண்டும். ஆறாத இடத்தில்தான் இந்நோய் தொடங்குகிறது.

அப்படிப்பட்ட வாயைத் திறந்து பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். பல் இருந்த இடத்தில் மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில், உலர்ந்து, சொரசொரப்பாக, ஒரு நகத்தளவு எலும்பு துருத்தி நிற்கும். கருவியின் நுனியால் தட்டினால் நோயாளிக்கு அந்த இடத்தில் உணர்ச்சியே இராது. சுற்றியுள்ள ஈற்றைத் தொட்டால் மட்டும் துள்ளிப் போவார். உயிருள்ள எலும்பைச் சுரண்டினால் இரத்தம் புள்ளி புள்ளியாகக் கசியும். இதைச் சுரண்டினால் தூள் உதிருமேயொழிய ஈரம் தோன்றாது. மாதங்கள் செல்லச் செல்லக் கன்னத்தில் துளை விழுந்து, குடித்த கஞ்சி அதன் வழியே வழியும். முடிவில் ஒரு நாள், சோற்றுப் பருக்கையை மெல்லும்போதே தாடை முறிவதும் உண்டு. மூன்று மாதங்களுக்கு மேல் ஆறாமல் எலும்பு வெளித்தெரிந்து, அங்கே புற்று மீண்டும் தலையெடுக்கவில்லை என்பதும் உறுதியானால், அதனைக் கதிர்வழி எலும்பழுகல் என்று வைத்தியர்கள் தீர்மானிக்கிறார்கள்.

இதன் காரணத்தை அறிவதற்கு அறிஞர்கள் எடுத்துக்கொண்ட காலம் சிறிதன்று. 1970இல் மேயர் என்னும் அமெரிக்க வைத்தியர், கதிர், காயம், கிருமி ஆகிய மூன்றும் சேர்ந்தால் இந்நோய் பிறக்கும் என்றார். அதன்படி வைத்தியர்கள் கிருமிக்கு மருந்து கொடுத்துக் கொண்டே இருந்தார்கள், எலும்பு அழுகிக் கொண்டே இருந்தது. 1983இல் ராபர்ட் மார்க்ஸ் என்பவர், வெட்டியெடுத்த எலும்புகளைக் கூர்ந்து சோதித்து, கிருமிகள் மேற்பரப்பிலே ஒட்டியிருப்பவை மட்டுமே என்றும், உள்ளே நடப்பது வேறு என்றும் நிறுவினார். கதிர் பட்ட இழையில் சிறு இரத்தக் குழாய்கள் உட்புறம் தடித்து அடைபடுகின்றன. குழாய் குறைந்தால் பிராணவாயு குறைகிறது. பிராணவாயு குறைந்தால் அணுக்கள் குறைகின்றன. அணுக்கள் குறைந்த இழை தன் அன்றாடத் தேய்மானத்தைக்கூடச் சரிசெய்து கொள்ள மாட்டாமல் நலிகிறது. அந்த நிலையில் ஒரு பல்லைப் பிடுங்குவது, அன்றாடச் செலவுக்கே திணறும் குடும்பத்தின் தலையில் ஒரு கலியாணச் செலவை ஏற்றுவதற்கு ஒப்பாகும். 2004இல் பிரான்சு தேசத்து சில்வி தெலானியான் அம்மையாரும் அவருடைய சகாவும் இதனோடு மற்றொன்றைச் சேர்த்தார்கள்: கதிர் பட்ட இழையில் நார் மிகுந்து இறுகிப்போவதே அடிப்படைக் கேடு, குழாய்க் குறைவும் அணுக் குறைவும் அதனோடு கூடி வருபவை என்றார்கள்.

காரணம் எதுவென்று நினைக்கிறோமோ அதைப் பொறுத்தே சிகிச்சையும் அமைகிறது. பிராணவாயுக் குறைவே காரணம் என்று நம்பியவர்கள், நோயாளியை அழுத்தம் மிகுந்த அறையில் அமர்த்தித் தூய பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்யும் முறையைப் பிரயோகித்தார்கள். 1985இல் மார்க்ஸ் வெளியிட்ட ஆய்வில், கதிர் பட்ட தாடையில் பல் பிடுங்க வேண்டிய நோயாளிகளை முப்பத்தேழு முப்பத்தேழு பேராக இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பெனிசிலினும் மற்றொரு பிரிவினருக்கு அழுத்தப் பிராணவாயுவும் கொடுத்ததில், முன்னவருள் 11 பேருக்கு எலும்பு அழுகியது, பின்னவருள் 2 பேருக்கு மட்டுமே அழுகியது. இதனைக் கேட்டவர் எவரும் வியவாமல் இரார். ஆனால் பிரான்சில் 68 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே எலும்பு அழுகியவர்களுக்கு அம்முறையால் குணம் ஏற்படவில்லை; பிராணவாயு பெற்றவர்களில் 19 சதவிகிதம் பேரும், பெறாதவர்களில் 32 சதவிகிதம் பேரும் தேறினார்கள். 2019இல் இங்கிலாந்தில் 144 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு வெளியாயிற்று. பல் பிடுங்குவதற்கு முன்னும் பின்னும் அழுத்தப் பிராணவாயு பெற்றவர்களில் 6.4 சதவிகிதத்தினருக்கும், பெறாதவர்களில் 5.7 சதவிகிதத்தினருக்கும் எலும்பழுகல் வந்ததாக அது கூறிற்று. அதாவது இரு பிரிவினருக்கும் வேற்றுமை இல்லை. என் அபிப்பிராயத்தில் இவ்வாய்வுகள் ஏழை நோயாளிக்குச் செய்த உபகாரம் பெரிது. நகரத்தில் தங்கி, நாள் தவறாமல் அந்த அறைக்குள் சென்று, கடன்பட்டுப் பணம் கட்ட முடியாமற்போன மலையூர்க்காரர், தமக்கு மட்டும் நல்ல சிகிச்சை கிட்டாமற்போயிற்றே என்று ஏங்க வேண்டியதில்லை.

நார் இறுகுவதே காரணம் என்றவர்கள், கால் இரத்தக் குழாய் நோய்க்கு வழங்கிவந்த பென்டாக்ஸிஃபிலின் மாத்திரையையும் வைட்டமின் ஈ சத்தையும் சேர்த்து நீண்ட நாள் கொடுத்து, சிறிய அளவில் எலும்பு தெரிந்தவர்களுக்கு ஈறு மூடி வருவதைக் கண்டார்கள். விலை மலிவானது, வாயால் உட்கொள்வது, எந்த ஊரிலும் கிடைப்பது என்னும் காரணங்களால் இதனை நான் மதிக்கிறேன். எனினும் எலும்பு பெருமளவு அழிந்து தாடையே முறிந்தபின் மாத்திரையால் அதனை ஒட்ட முடியாது.

அந்த நிலையில் இன்று மிகுந்த பலன் தருவது சத்திர சிகிச்சை. காலின் ஆடுசதைப் பகுதியில் இரண்டு எலும்புகள் உள்ளன. உடலின் பாரத்தைத் தாங்குவது பெரிய எலும்பு. அதன் புறத்தே மெல்லியதாய் நீண்டு கிடக்கும் சிற்றெலும்பை, கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் அருகே சிறிது சிறிது விட்டுவைத்து, நடுப்பகுதியை எடுத்துவிட்டாலும் மனிதன் நடப்பான். 1975இல் ஆஸ்திரேலியாவில் டெய்லர் என்னும் சத்திர வைத்தியர் அவ்வெலும்பை அதன் தமனி, சிரையோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டு உயிர்ப்பிக்கும் முறையைக் கண்டார். 1989இல் அமெரிக்காவில் டேவிட் ஹிடால்கோ அதனையே கீழ்த்தாடைக்குப் பிரயோகித்தார். நேரான அவ்வெலும்பைக் கணக்கிட்ட கோணங்களில் ஆப்பு ஆப்பாகக் கீறி, தாடையின் வளைவுக்கு மடக்கி, தகட்டாலும் திருகாலும் பிணைத்து, பின்னர் உருப்பெருக்கியின் கீழ் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இரத்தக் குழாயைக் கழுத்திலுள்ள குழாயோடு தலைமுடியினும் மெல்லிய நூலால் தைக்கிறார்கள். கவ்வியை எடுத்ததும் வெளிறிக் கிடந்த தசை சிவப்பேறி, எலும்பின் வெட்டு வாயில் இரத்தம் துளிர்க்கும். அந்த ஒரு கணத்துக்காகவே எட்டுப் பத்து மணி நேரம் அவ்வறையில் இருப்போர் நிற்கிறார்கள். எலும்பு தன் இரத்தத்தோடு வந்தால், கெட்டுப்போன இடத்தில் நட்டாலும் பிழைக்கிறது. இரத்தமின்றி வெறும் எலும்பாக வந்தால் அங்கே கரைந்து போகிறது. இந்த ஓர் உண்மையே நான் இன்று சொல்ல வந்தவை அனைத்துக்கும் ஆணிவேர்.

ஆனால் காலெலும்பை எடுத்துக்கொள்வது ஒருவகைக் கடன் வாங்குதலேயன்றி வளர்த்தல் ஆகாது. காலின் தமனிகள் புகையிலையால் அடைபட்டவருக்கும், நெடுநேர மயக்கத்தைத் தாங்காத முதியவருக்கும் இது கிட்டாது. மலைச்சரிவில் காலூன்றி ஏறி இறங்கிப் பிழைப்பவர், கணுக்காலில் சிறிது பலம் குறைந்தாலும் அதை உணர்வார். எனவே, இழந்த எலும்பை உடலே மீண்டும் உண்டாக்கிக்கொள்ளச் செய்ய முடியாதா என்று கேட்கிறோம்.

சரீரத்தின் மற்ற உறுப்புகளில் பெரும்பாலானவை காயம்பட்டால் தழும்பிட்டு ஆறும். எலும்போ தழும்பின்றித் தன்னையே மறுபடி உருவாக்கிக்கொள்ளும் தன்மை வாய்ந்தது. அத்தன்மைக்கு மூலமான பொருள் எலும்புக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்பதை 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் காட்டினார். எலும்பிலுள்ள சுண்ணத்தை அமிலத்தால் நீக்கி, எஞ்சிய சக்கையைப் பிராணிகளின் தசைக்குள் வைத்தார். எலும்பே இல்லாத அந்தத் தசையில் எலும்பு விளைந்தது. அதன் உட்பொருளை அறிந்ததில் நம் நாட்டவர் இருவர்க்குச் சிறப்பான பங்கு உண்டு. 1981இல் சம்பத்தும் ஹரி ரெட்டியும், அச்சக்கையைக் கரையும் பகுதி, கரையாத பகுதி என இரண்டாகப் பிரித்தார்கள். கரைந்த பகுதியை மட்டும் உடலில் வைத்தால் எலும்பு இல்லை; கரையாத நாரை மட்டும் வைத்தாலும் இல்லை; இரண்டையும் மறுபடி கூட்டி வைத்தால் எலும்பு தோன்றியது. ஏவும் பொருள் ஒன்று, அதனைப் பிடித்து நிறுத்தும் சாரம் ஒன்று, அந்தச் சாரத்தில் வந்து குடியேறும் அணுக்கள், இவை மூன்றும் கூடினால் எலும்பு விளையும் என்னும் கொள்கை இத்தகைய எளிய, அழகிய பரிசோதனையிலிருந்து உறுதி பெற்றது. பிற்பாடு அவ்வேவும் புரதங்களை ஆய்வுக்கூடத்தில் செய்யவும் கற்றார்கள். அவற்றுள் ஒன்று 2002இல் அமெரிக்காவில் முதுகெலும்புச் சிகிச்சைக்கு அனுமதி பெற்றது.

கதிர் பட்ட தாடையில் அப்புரதத்தைக் கொண்டு வைத்தால் முடிந்ததே என்று தோன்றும். முடியவில்லை. ஏவலைக் கேட்கும் அணுக்கள் அங்கே அரிது. கேட்டவற்றுக்கும் உணவு கொண்டுவர இரத்தமில்லை. இத்தடையை வேறு விதமாகக் கடந்தது ஜெர்மனியின் கீல் நகரத்து முயற்சி. புற்றுக்காகக் கீழ்த்தாடையின் பெரும்பகுதியை இழந்து, கதிரும் பட்ட 56 வயது மனிதர் ஒருவருக்கு வார்ன்கேயும் அவருடைய குழுவினரும், கணினிப் படத்தைக் கொண்டு தாடையின் வடிவில் டைட்டேனிய வலைக்கூடு ஒன்று செய்தார்கள். மாட்டெலும்பின் தாதுக் கட்டிகளை அதில் நிரப்பினார்கள். எலும்பை ஏவும் புரதத்தையும் அவருடைய எலும்பு மச்சையையும் சேர்த்தார்கள். பிறகு அதைத் தாடையில் வைக்காமல், அவருடைய முதுகிலுள்ள அகன்ற தசைக்குள் வைத்துத் தைத்தார்கள். ஏழு வாரங்கள் அந்தத் தாடை அவருடைய முதுகில் வளர்ந்தது. புதிய எலும்பு உண்டானது படத்தில் தெரிந்தபின், தசையையும் இரத்தக் குழாயையும் சேர்த்துப் பெயர்த்து முகத்தில் நட்டார்கள். பல ஆண்டுகளாகக் கஞ்சியே கதியாயிருந்த அவர் திட உணவை உண்டார். 2004இல் இது வெளியானபோது உலகமே வியந்தது. பின்னர் உலோகக் கூடு முறிந்து கிருமி தாக்கியதும், அந்நோயாளி வேறு காரணத்தால் காலமானதும் உண்மை. ஆயினும் அந்தப் பரிசோதனை வழிகாட்டியது. நலிந்த இடத்தில் எலும்பை விளைவிக்க முயலாமல், நலமான இடத்தில் இரத்தத்தோடு விளைவித்து எடுத்து நடலாம் என்று அது காட்டியது.

இதனினும் ஆழமான வினா, நலிந்த இடத்தையே மறுபடி நலமாக்க முடியுமா என்பது. இங்கே 2014ஆம் ஆண்டு ஒரு திருப்பம். ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில், அஞ்சலி குசும்பே, சரவண ராமசாமி, ரால்ஃப் ஆடம்ஸ் ஆகியோர், எலும்புக்குள் இருக்கும் நுண்குழாய்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல என்று கண்டார்கள். அவற்றுள் ஒரு வகைக் குழாயைச் சுற்றியே எலும்பை உண்டாக்கும் இளம் அணுக்கள் மொய்த்திருக்கின்றன. வயது ஏற ஏற அவ்வகைக் குழாய் அருகிப்போகிறது, எலும்பும் உடன் மெலிகிறது. மூத்த எலிகளுக்கு டெஃபெராக்ஸமின் என்னும் மருந்தைக் கொடுத்தபோது அக்குழாய்கள் மீண்டும் தோன்றின, எலும்பும் பெருகிற்று. இரத்தக் குழாய் எலும்புக்கு உணவு சுமந்து வரும் பணியாள் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தோம். எலும்பு எங்கே விளைய வேண்டும் என்று நிர்ணயிப்பதும் அதுவே என்பது இதனால் தெளிவாயிற்று.

டெஃபெராக்ஸமின் நம் நாட்டுக்குப் புதிய மருந்து அன்று. தாலசீமியா என்னும் பிறவி இரத்தக் குறைவால், மாதந்தோறும் பிறர் இரத்தம் ஏற்றி வாழும் குழந்தைகளின் உடலில் சேர்ந்துவிடும் இரும்பைக் கவர்ந்து வெளியேற்றுவதற்காக அதனை நம் மருத்துவமனைகள் பல்லாண்டுகளாகப் பிரயோகித்து வருகின்றன. இரும்பைக் கவரும் மருந்து இரத்தக் குழாயை எப்படி வளர்க்கிறது? ஒவ்வோர் அணுவிலும் பிராணவாயுக் குறைவை உணர்ந்து குரல் கொடுக்கும் ஒரு புரதம் உண்டு. பிராணவாயு போதுமான அளவு இருக்கும்போது, இரும்பைத் துணைக்கொண்ட ஒரு நொதி அப்புரதத்தை அழித்துக்கொண்டே இருக்கும். இரும்பை அகற்றிவிட்டால் நொதி செயலற்றுப்போகும். புரதம் நிலைத்து நின்று, புதிய குழாய்களை வளர்க்குமாறு ஆணையிடும். இந்த உணர்வு முறையை விளக்கிய கேலின், ராட்கிளிஃப், செமன்சா ஆகிய மூவருக்கு 2019இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இதனையே கதிர் பட்ட தாடைக்குப் பிரயோகித்துப் பார்த்தவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஸ்டீவன் புக்மனும் அவர்தம் மாணவர்களும். எலிகளின் தாடையில் கதிரைச் செலுத்தி, பின்னர் எலும்பை அறுத்து, சிறு திருகு கொண்டு நாளுக்குச் சிறிதாக விலக்கினார்கள். ருஷியாவில் இலிஸாரோவ் கண்ட இம்முறையில், விலகும் இடைவெளியில் புதிய எலும்பு தானே நிரம்ப வேண்டும். கதிர் பட்ட எலிகளில் அது சரிவர நிரம்பவில்லை. இடைவெளியில் டெஃபெராக்ஸமினை ஊசியால் செலுத்தியபோது, நலிந்திருந்த குழாய்கள் மீண்டும் செறிந்தன. எலும்பு கூடுவதும் தேறிற்று. 2012இல் வெளிவந்த இச்செய்தியைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இங்கே மறைக்க விரும்பவில்லை. புதிய, விலையுயர்ந்த பொருள் எதையும் தேடாமல், மருந்துக் கிடங்கில் ஏற்கெனவே இருக்கும் ஒன்று இவ்வளவு செய்யுமானால், ஏழை தேசத்துக்கு அதனினும் வேறு நற்செய்தி ஏது?

மகிழ்ச்சியோடு எச்சரிக்கையும் வேண்டும். இரத்தக் குழாயைப் பெருக்கும் மருந்து, எங்கேனும் பதுங்கியிருக்கும் புற்றணுவுக்கும் அக்குழாயைத் திறந்துவிடக்கூடும். புற்றுக்கட்டி தனக்கென்று குழாய்களை வரவழைத்துக்கொண்டே வளர்கிறது என்பதை ஜூடா ஃபோக்மன் 1971இலேயே எடுத்துரைத்தார். எலும்பை ஏவும் புரதத்தையும், புற்று இருக்கும் இடத்திலோ புற்றை வெட்டியெடுத்த இடத்திலோ வைக்கலாகாது என்று அமெரிக்க அரசின் அனுமதிப் பத்திரமே தடுக்கிறது. நம் நோயாளியோ புற்றிலிருந்து மீண்டவர். ஆகவே எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்கும் முன், எத்தனை ஆண்டு புற்று தலைகாட்டாதிருந்தால் இதனைக் கொடுக்கலாம், எந்த அளவு, எந்த இடத்தில் என்றெல்லாம் பொறுமையாகச் சோதித்தறிய வேண்டியுள்ளது. அவசரப்பட்டு விற்பனைக்குக் கொண்டுவரும் வைத்தியரையோ வியாபாரியையோ நம்பாதீர்கள். "ஸ்டெம் செல்" என்று பெயரிட்டு எந்த நோய்க்கும் ஊசி போடும் கடைகள் நகரங்களில் முளைத்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நம் தேசத்தில் இத்துறையில் நடப்பவை சிறியனவல்ல. திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில், எலும்பின் தாதுவை ஒத்த பொருளோடு சிலிகாவைச் சேர்த்துச் சுட்டுத் துளைகள் நிறைந்த சாரங்களைச் செய்து, ஆடுகளின் தொடையெலும்பில் ஒரு துண்டை நீக்கி, அந்த இடைவெளியில் ஆட்டின் சொந்த மச்சையணுக்களோடு அவற்றைப் பொருத்தி, எலும்பு வளர்ந்து கூடுவதை 2009, 2010ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்கள். அவை கதிர் படாத ஆடுகள். அந்த வேற்றுமையை மறவாமல்தான் அப்பலனை மதிக்க வேண்டும். நமக்கு அண்மையில், வேலூர்ப் பாகாயத்தில் உள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி நிலையத்தில், எலும்பின் வளர்ச்சித் தட்டு சேதமுற்ற குழந்தைகளுக்கு வளர்த்தெடுத்த அணுக்களைக் கொண்டு உதவ டாக்டர் விருஷா மாதுரி முதலியோர் முயன்றிருக்கிறார்கள். பிறவியிலேயே எலும்பு முறியும் தன்மையுள்ள குழந்தைகளுக்கு அணுச் சிகிச்சை அளிப்பதில் சுவீடன் தேசத்தாரோடு சேர்ந்தும் உழைத்து வருகிறார்கள். அணுவை வளர்க்கவும், அதன் தூய்மையைச் சோதிக்கவும், நோயாளியைப் பல்லாண்டு பின்தொடரவும் வேண்டிய சாதனங்கள் இம்மாவட்டத்திலேயே உள்ளன. வாய்ப்புற்று நோயாளிகளும், பீடியும் புகையிலையும் நிலைத்துவிட்ட குடியாத்தம் முதல் இம்மலை வரையிலான ஊர்களில் இருக்கிறார்கள். கதிர் பட்ட தாடையைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இதைவிடத் தகுந்த இடம் யாதென்று நான் கேட்கிறேன்.

இவ்விடத்தில் வேலூரின் பழைய கதை ஒன்றை நினைவூட்டுவது தகும். 1946இல் அவ்வூருக்கு வந்த பால் பிராண்ட் என்னும் சத்திர வைத்தியர், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்றும், அவர்களுடைய தசை கெட்ட தசை, கத்தி பட்டால் ஆறாது என்றும் வைத்திய உலகமே நம்பியிருந்த காலத்தில், அத்தசையை வெட்டித் தைத்து, அது மற்றவர் தசையைப் போலவே ஆறுவதைக் காட்டினார். உணர்ச்சி மரத்ததால் அறியாமல் ஏற்படும் காயமே விரல்களைத் தின்றது. ஆறாது என்று கைவிட்டதை ஆற்றிக் காட்டியவர் அவர். கதிர் பட்ட தாடையின் நிலை இதனினும் கடினம். அது உண்மையிலேயே ஆறும் திறன் குன்றியது. ஆனால் குன்றிய காரணம் தெரிந்தபின், அத்திறனை மீட்கும் முயற்சியும் அதே ஊரில் எழக் கூடாதா?

அம்முயற்சி பலிக்கும்வரை நாம் செய்யக்கூடியவை சில உள. அவை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, உங்கள் வீடுகளில் செய்யக்கூடியவை. கரண்டு வைக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்ன உடனே, தொடங்கும் முன் பல் வைத்தியரிடம் செல்லுங்கள். தேறாத பற்களை, சிகிச்சை தொடங்க இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே பிடுங்கி, குழியை ஆறவிடுங்கள். சிகிச்சை முடிந்தபின் வாழ்நாள் முழுவதும் பல் துலக்குவதையும், வைத்தியர் தரும் ஃபுளோரைடு பசையைத் தடவுவதையும், வாயை ஈரமாக வைத்திருப்பதையும் நிறுத்தாதீர்கள். புகையிலையைத் தொடவே வேண்டாம். எத்தனை ஆண்டு கழிந்தாலும், கதிர் பட்ட பக்கத்துப் பல் ஆடினால் நாமே பிடுங்குவதோ, சந்தைக்கு வந்தபோது கண்ட இடத்தில் பிடுங்கிக்கொள்வதோ கூடாது. இருபது ஆண்டுக்கு முன் பட்ட கதிரையும் எலும்பு மறப்பதில்லை.

கதிரியக்கச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது தரும் சீட்டில், எந்தப் பகுதிக்கு எத்தனை கிரே கதிர் செலுத்தினார்கள் என்பது எழுதியிருக்கும். அதைக் கூரை எரவாணத்தில் செருகி மழையில் நனையவிடாமல், ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பெட்டியில் வையுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களின் சீட்டைப் பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைகள் பொறுப்பேற்றுக் காக்க வேண்டும். பல்லுக்காக எந்த வைத்தியரிடம் சென்றாலும், வாயைத் திறக்கும் முன் அச்சீட்டை அவர் கையில் கொடுங்கள். இம்மேடைக்கு முன் அமர்ந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர்களும் கிராமப் பணியாளர்களும், தங்கள் எல்லையில் கரண்டு வைத்துக்கொண்டவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்து, ஆண்டுக்கு ஒரு முறையேனும் அவர்களுடைய வாயைத் திறந்து பார்க்க வேண்டுமென்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.